பக்கம் இரண்டு, மூன்றாவது பாட்டு

கம்பியின் இடது கை மோதிர விரல் சனிக்கிழமை விடியற்காலையில் விண்விண்ணென்று தெறித்து அவனை எழுப்பிவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தான். நுனிச் சதை வீங்கி, தோல் இறுகிப் பளபளவென்றிருந்தது. அதன் மேல் வியாழக்கிழமை ஊற்றிய பசை காய்ந்து, கண்ணாடிச் சில்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் மேடையேற வேண்டும். விரலைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி வைத்தான். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அது போதும் என்று சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டான்.

வலி குறைந்தால் நோய் குறைந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவனும் அந்தக் கட்சி.

அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, இருபத்தாறு வருஷ சர்வீஸ். குடியிருப்பது என்னவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி, அவனும் அக்காவும். அக்காவுடைய வீட்டுக்காரர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அதற்கு முன்பு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான், வயது போய்விட்டது. சர்க்கரை வந்து நாலு வருஷம். ஞாபகம் இருந்தால் மாத்திரை போடுவான்.

அவனைக் கிட்டார் பிடித்த கதை இது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குக் கீழே உள்ள குழியில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஆறாவது மாடியில் யாரோ ரெகார்டு போட்டார்கள். லிஃப்ட் ஓடும் அந்தச் செங்குத்தான பொந்து, சத்தத்தைக் குழாய் மாதிரி கீழே கொண்டுவந்து கொட்டியது. ஒற்றைக் கிட்டார். அழுகிற மாதிரியும் இருந்தது, சண்டைக்கு வருகிற மாதிரியும் இருந்தது. லிஃப்ட் நகர்ந்தால் சத்தம் கெட்டுவிடுமே என்று சுவிட்சை அணைத்தான். ஏழு நிமிஷம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டிருந்தார். ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

ரெகார்டில் வாசித்தவர் அதற்குள் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ப்ளூஸ் இசையின் துக்கத்தை ராக் இசையின் இரைச்சலோடு சேர்த்து வாசித்த மேதை. சாகும்போது முப்பத்தாறு வயது. ஆனாலும் ரசிகர்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

பெரியவர் ஒரு சாயங்காலம் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த ரெகார்டு அது. பதினொரு பாட்டு, முதல் பக்கம் ஆறு, இரண்டாம் பக்கம் ஐந்து. வருஷா வருஷம் அவர் இறந்த தேதியை ஒட்டி வரும் சனிக்கிழமை, இருநூறு நாற்காலி போட்ட ஒரு பழைய ஹாலில் அந்த ரெகார்டை வரிசை மாறாமல் மூன்று பேர் வாசிப்பார்கள். கம்பி கிட்டார். பேக்கரி வைத்திருக்கும் ரொட்டிக்காரர் ட்ரம்ஸ். பள்ளிக்கூட ஆபீசில் இருக்கும் குமாஸ்தா பேஸ் கிட்டாரும் பாட்டும். சொந்தமாக ஒரு சுரம் சேர்க்கக் கூடாது. நாலாவது பாட்டில் பெரியவர் அன்றைக்கு ஒரு சுரத்தைத் தவறவிட்டிருந்தார். கம்பியும் அதே இடத்தில் அதைத் தவறவிட வேண்டும். சரியாக வாசித்துவிட்டால் முன்வரிசை ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஏழாவது பாட்டுக்கு முன்னால் பெரியவர் இரண்டு தடவை இருமியிருந்தார். அதையும் விடவில்லை, குமாஸ்தா இருமுவார்.

பத்து வருஷமாக இது நடக்கிறது. பத்து வருஷமும் கம்பி ஒரே இடத்தில் சறுக்கினான். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு, மெதுவான பாட்டு. கிட்டார் தனியாகப் பேசும் இடத்தில் பெரியவர் மோதிர விரலால் கம்பியை அழுத்தி மேலே தள்ளி, சுரத்தை இரண்டு படி உயர்த்தி, எட்டு எண்ணும்வரை அங்கேயே நிறுத்துவார். இவர்கள் அதை ‘இழுப்பு’ என்பார்கள். மெல்லிய கம்பியில் அது பெரிய காரியமில்லை. பெரியவர் போட்டது இருப்பதிலேயே தடித்த கம்பி. கம்பியும் அதைத்தான் போட்டான். பேரே அப்படித்தான் வந்தது. ஆறிலோ ஏழிலோ விரல் நழுவிவிடும். இந்த வருஷம் ஒத்திகையில் மூன்று தடவை எட்டு வரை நின்றது. ரொட்டிக்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

தடித்த கம்பி விரல் நுனியைப் பிளக்கும். பெரியவர் அந்தப் பிளவில் உடனே ஒட்டும் பசையை ஊற்றிக் காயவைத்துக்கொண்டு மேலே வாசிப்பாராம். இவர்களும் அப்படியே செய்தார்கள். கம்பியின் கிட்டார் பெட்டியில் எப்போதும் இரண்டு பசைக் குழாய் இருக்கும்.

புதன்கிழமை ஒரு லிஃப்டின் இரும்பு வடத்தைத் தடவிச் சோதிக்கும்போது, பிரிந்து நின்ற ஓர் இழை அவன் மோதிர விரல் நுனியில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, கிரீஸ் கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். வியாழக்கிழமை ஒத்திகையில் அதே இடம் பிளந்தது. அதன் மேல் பசையை ஊற்றினான். உள்ளே அழுக்கு, மேலே மூடி. அக்காவின் இல்லத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம், அழுக்குக் காயத்தை மூடாதே என்பது. ஒரே வீட்டில் இருந்தும் அவன் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு மணிக்கு மேல் அக்கா ஹாலுக்கு வந்தாள். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன சர்க்கரை மாத்திரை அவள் கையில் இருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவன் வலது கையால் மாத்திரையை வாங்கி, வலது கையாலேயே டம்ளரை எடுத்தான். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

“பையில என்ன ஒளிச்சு வச்சிருக்க? எடு வெளியில.”

எடுத்தான். அவள் பதறவில்லை. நகத்தை அழுத்திப் பார்த்தாள், புறங்கையால் நெற்றியைத் தொட்டாள், எப்போதிருந்து என்று கேட்டாள். பிறகு அவன் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, நாலு விரற்கடை நீளத்துக்கு, சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

“விஷம் மேல ஏறுது. கிளம்பு. ஆஸ்பத்திரி கால் மணி நேரம்.”

“நாலு மணிக்குப் போலாம்க்கா.”

“நாலு மணிக்கு விரல் இருக்குமான்னு உங்க பெரியவரக் கேட்டுச் சொல்லு.”

ரொட்டிக்காரர் நடுவில் புகுந்து, இரண்டு மணி நேரம்தானே அக்கா என்றார். உங்கள் அடுப்பில் ரொட்டி கருகினால் இரண்டு மணி நேரம்தானே என்று விடுவீர்களா என்று அவள் கேட்டாள். அவர் ட்ரம்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ், சர்க்கரைக்காரரா, உடனே கூட்டிவாருங்கள் என்றாள். கம்பி கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு நிபந்தனைக்குச் சம்மதிக்க வைக்கலாம். முப்பது வருஷ வேலையில் அவள் கற்றுக்கொண்டது அது. குமாஸ்தாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, சிவப்பு முடிகிற இடத்தில் அவன் கைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் நேரத்தை எழுதினாள்.

“செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா, பாட்டு பாதியில இருந்தாலும் வந்துடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

“ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் கையக் காட்டு. நான் இங்கதான் இருப்பேன்.”

மேடையின் ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதல் மூன்று பாட்டு வேகமானவை. கம்பி பெரும்பாலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துச் சமாளித்தான். மோதிர விரல் கம்பியில் படும்போதெல்லாம் வலி தோள்பட்டைவரை போய்த் திரும்பியது. பாட்டு முடிந்து கைதட்டும் நேரத்தில் அவன் முதுகைக் காட்டித் திரும்பி, சட்டைக் கையைத் தூக்குவான். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவாள். நாலாவது பாட்டில் தவறவிட வேண்டிய சுரத்தைச் சரியாகத் தவறவிட்டான். முன்வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்த தையற்காரர், திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறாவது பாட்டு முடிந்தபோது சிவப்பு, பேனாக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அக்கா ஒரு விரலை உயர்த்தி எச்சரித்தாள்.

பக்கம் மாற்ற இடைவேளை பத்து நிமிஷம். கம்பி கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். குழல் விளக்கின் கீழே கையை நீட்டினான். சிவப்பு, பேனாக் கோட்டைத் தாண்டி அரை விரற்கடை போயிருந்தது. இன்னும் இரண்டு பாட்டு கடந்தால் அந்த மூன்றாவது பாட்டு. பத்து வருஷம். சோப்பைக் குழைத்துப் பேனாக் கோட்டையும் நேரத்தையும் தேய்த்து அழித்தான். பாட்டு வரிசை எழுதிய தாளோடு செருகியிருந்த பேனாவை எடுத்து, இரண்டு விரற்கடை மேலே புதுக் கோடு போட்டான். நேரத்தையும் மறக்காமல் எழுதினான். அவனுக்குக் குளிரெடுத்தது. அதைப் பயம் என்று நினைத்தான். அது காய்ச்சல்.

குமாஸ்தா இரண்டு தடவை இருமினார். இரண்டாம் பக்கம் தொடங்கியது.

முதல் பாட்டு முடிந்ததும் கையைச் சட்டென்று தூக்கிச் சட்டென்று இறக்கிக்கொண்டான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டியின் பின்னால் இருந்த விளக்குக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். காதில் இருந்த பஞ்சை எடுத்தாள்.

“நான் பதிமூணு இருபத்தஞ்சுன்னு எழுதினேன். வார்டுல அப்படித்தான் எழுதுவோம். இதுல ஒண்ணு இருபத்தஞ்சுன்னு இருக்கு.”

மேடையில் ரொட்டிக்காரர் குச்சியால் தாளத்தை மெல்லத் தட்டி அவனைக் கூப்பிட்டார்.

“தாண்டிடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான அழிச்ச? அப்புறம் நான் எதுக்கு இங்க காவல் உக்காரணும்?” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வண்டிய முன்வாசல்ல நிறுத்தி வைக்கிறேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம்.”

அவள் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டே வாசித்திருப்பான்.

மூன்றாவது பாட்டு ஆரம்பமானது. பேஸ் கிட்டார் நாலு தட்டு முன்னால் நடக்க, குமாஸ்தா கண்ணை மூடிப் பாடினார். ஹாலில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. இங்கேதான் கம்பி வருஷா வருஷம் சறுக்குகிறான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும்; அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தாடையை இறுக்கிக்கொண்டான்.

கிட்டார் தனியாகப் பேச வேண்டிய இடம் வந்தது. முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது சுற்றில் மோதிர விரலைக் கம்பியில் பதித்து மேலே தள்ளினான். வலிக்கப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டு தள்ளினான். ஒன்று, இரண்டு. சுரம் ஏறியது. மூன்று, நாலு. ரொட்டிக்காரர் குச்சியைத் தூக்கி அவனையே பார்த்தார். ஐந்து. ஆறு. ஏழு. சுரம் அசையவில்லை. எட்டு. முன்வரிசையில் யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

வலிக்கவில்லை. அதை அவன் அப்போதுதான் கவனித்தான். வலி மட்டுமில்லை, கம்பியும் தெரியவில்லை, கம்பிக்குக் கீழே இருந்த மரமும் தெரியவில்லை. விரல் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் விரல் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். பழைய லிஃப்டில் வடம் முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலுக்கு எந்த மெக்கானிக்கும் பயப்படுவதில்லை. அது திடீரென்று நின்றால்தான் கூண்டை நிறுத்தி உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவன் அதைச் செய்திருக்கிறான், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். நாலு தாளம் யோசித்தான். அடுத்த வரிசைச் சுரங்களை மற்ற விரல்கள் பழக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தன.

கையைக் கம்பியிலிருந்து எடுத்தான். கிட்டார் ஊம்மென்று இரைந்தது. மைக்குக்குப் போனான்.

“மன்னிச்சுக்குங்க. எனக்குக் கை சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

தையற்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “இந்தப் பாட்டு முடிய இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு, கம்பி.”

“தெரியும்ணே.”

கிட்டாரைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்தான். வண்டி முன்வாசலில் இருந்ததால் நாற்காலிகளுக்கு நடுவே இருநூறு பேரையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சிலர் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ட்ரம்ஸும் பேஸும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ரெகார்டை நிறுத்தும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது.

அக்கா வண்டியை அணைக்காமல் வைத்திருந்தாள். அவன் ஏறியதும் கிளப்பினாள். முதல் சிக்னலில் நிற்கும்போது, கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொள் என்றாள். வைத்துக்கொண்டான்.

“எட்டு வரைக்கும் நின்னுச்சுக்கா.”

“எது?”

“இழுப்பு.”

“விரல் தெரியுதா உனக்கு?”

“தெரியல.”

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள், ஒரு தடவைகூட அபராதம் கட்டியதில்லை. அடுத்த சிக்னல் சிவப்பாக இருந்தது. அவள் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பசையைக் கரைத்து எடுக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. கீறியதும் சீழ் வந்தது. கறுப்பாகக் கொஞ்சம் கிரீஸும் வந்தது. நரம்பில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். கைச் சிவப்பு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டது. ஆனால் நுனி எலும்பு கெட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் கையைப் பற்றிப் பேசியிருப்போம், இப்போது விரல் நுனியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று டாக்டரம்மா நேராகச் சொன்னார். திங்கட்கிழமை விரலின் மேல் கணுவை வெட்டி எடுத்தார்கள். கோட்டை அழித்ததைப் பற்றி அக்கா டாக்டரிடம் சொல்லவில்லை. அவனே சொன்னான். டாக்டரம்மா, உங்களை மாதிரி வாரத்துக்கு ஒருத்தர் வருகிறார் என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ரொட்டிக்காரரும் குமாஸ்தாவும் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். கம்பி சாப்பாட்டு மேஜையில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு, குட்டையாகிப்போன விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இருபது தடவை. அக்கா எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவன் போன பிறகு என்ன ஆயிற்று என்று குமாஸ்தா சொன்னார். கிட்டார் இல்லாமல் பாட்டு போய்க்கொண்டிருந்ததாம். முன்வரிசை சும்மா இருக்குமா, மிச்சச் சுரங்களை வாயாலேயே முனக ஆரம்பித்துவிட்டார்களாம். ஹால் முழுக்கச் சேர்ந்துகொண்டதாம்.

“நல்லா இருந்துச்சா?” என்று கம்பி கேட்டான்.

“சகிக்கல,” என்றார் ரொட்டிக்காரர். “ஆளுக்கொரு சுருதி. தையற்காரர் மட்டும் அழுதாரு. அதுவும் எதுக்குன்னு கேக்கத் தோணல.”

கம்பி சிரித்தான். விரலை மடக்கினான். முழுதாக மடங்கவில்லை, பாதியில் நின்றது. மறுபடி முயன்றான். குமாஸ்தா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வருஷம் என்று இழுத்தார்.

“நடுவிரலால தள்ளிப் பாக்கணும்,” என்றான் கம்பி. “மெல்லிசுக் கம்பி போட்டாத்தான் நடக்கும்.”

“முன்வரிசை எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“போகட்டும். காத்தாவது வரும்.”

ரொட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா ஒரு தலையணை உறையை உதறினாள்.

“பேசிக்கிட்டே மடக்காத. எத்தனை ஆச்சு?”

“பதினேழு.”

“பதினாலு,” என்றாள் அக்கா. “அங்கேர்ந்து எண்ணு.”